நாலடிக் காசோலை

ஆங்கில எழுத்து வரிசையில் நான் எப்போதும் கடைசி.
யோகமலர், இருபத்து நாலாவது.
மேடையில் இருந்ததோ ஒரே ஒரு காசோலை,
நாலடி நீளம், தெர்மாக்கோல் முதுகு.
'அமரர் பொங்கியண்ணன் நினைவுத் தகுதி உதவித்தொகை,
ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்.'
பெயர் எழுதும் கோடு காலி.
ஒருத்தர் பிடித்து, சிரித்து, ஃப்ளாஷ் மின்னி,
அடுத்த ஆளுக்குக் கைமாறும்.
என்னிடம் வந்தபோது ஓரமெல்லாம்
இருபத்து மூணு பேர் வியர்வை.

மைக்செட் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார்,
"நீயே எடுத்துட்டுப் போ அம்மிணி, இங்கிருந்தா குப்பைதான்."

காந்திபுரத்தில் கண்டக்டர் மறித்தார்.
"ஏனம்மிணி, இதென்ன கதவா?"
"செக்குங்ணா."
அவர் ஒருமுறை வாசித்தார்,
பின்சீட்டுக்காரர் சத்தமாக இன்னொருமுறை.
"அம்பதாயிரம் வெச்சிருக்கிற புள்ள
லக்கேஜுக்குப் பத்து ரூவா குடுக்க மாட்டியாக்கும்?"
கொடுத்தேன்.
கருமத்தம்பட்டி வரை நின்றுகொண்டே வந்தோம், நானும் அதுவும்.
தெக்கலூரில் ஒரு கைக்குழந்தை அதன்மேல் தூங்கிப்போனது.

ஆடியில் அறிவித்த பணம் தையில்தான் வந்தது.
வங்கிக் கணக்கில் என் இனிஷியல் முன்னால்,
ஆதாரில் பின்னால்.
நன்றிக் கடிதத்தை மட்டும் ஒரே வாரத்தில் கேட்டார்கள்,
மாதிரியும் தந்தார்கள்.
'ஏழ்மையான குடும்பத்தில் பிறந்த நான்' என்று தொடங்கியது.
ஹஸீனா அதை அடித்துவிட்டு எழுதினாள்:
'நிகழ்தகவில் நூற்றுக்கு நூறு எடுத்த நான்.'

ஹஸீனாவுக்கு உடுமலை. பட்டியலில் ஒன்பதாவது,
விடுதியில் எனக்கு மேல்கட்டில்.
எட்டரைக்குக் கீழே போனால் தொகை நிற்கும் என்று
விட்டத்தில் மார்க்கரால் எழுதிவைத்துக்கொண்டு தூங்கியவள்.
நாலாம் பருவத் தேர்வு வாரம்
அவள் அத்தாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.
எட்டு புள்ளி மூணு எட்டு.

நாங்கள் புள்ளியியல் படிக்கிறவர்கள்.
இந்த வித்தியாசம் வித்தியாசமே அல்ல என்று
ஒரே பக்கத்தில் நிரூபித்து எடுத்துக்கொண்டு போனோம்.
"கணக்கு சரிதானுங்கம்மா," என்றார் அலுவலகத்தில்,
"விதின்னு ஒண்ணு இருக்குதில்லீங்க."

எனக்கு எட்டு புள்ளி ஐந்து மூணு.
அந்த வாரம் எங்கள் வீட்டில்
யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை.
இதை எந்தப் படிவத்தில் எழுதிக்கொடுப்பது?

பலகை இப்போது
திருப்பூர் லைன்வீட்டில் உடைந்த ஜன்னலுக்கு அடைப்பு.
சாரல் கசிந்து 'அமரர்' பாதி கரைந்துவிட்டார்.
அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்.
தையல் பிசகிய இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவது வேலை.
பொழுதோட வீடு திரும்பும்போது
முழங்கையில் நாலைந்து அம்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும்,
அவளுக்கே தெரியாது.

போன சனிக்கிழமை, சம்பள நாள், ஹஸீனா வந்தாள்.
படிப்பை விடவில்லை. ராத்திரியில்
எங்கோ தூரதேசத்துப் பிள்ளைகளுக்கு
ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுத்து
ஆறாம் பருவக் கட்டணத்தைக் கட்டிவிட்டாள்.
கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் ஒரு டஜன் தேன்மிட்டாய்.
சாப்பிட்டோம். யாரையும் திட்டவில்லை.

கிளம்பும்போது
அம்மாவின் முழங்கையிலிருந்து ஓர் அம்பை உரித்து
அந்தக் காலிக் கோட்டில் ஒட்டினாள்.
"பிசகு எங்கேன்னு காட்டோணுமில்லீங்க" என்று சிரித்தாள்.

அம்மா கிட்டப் போய்ப் பார்த்தாள்,
கம்பெனியில் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து.
பிறகு நகத்தால் அம்பைக் கிளப்பி
தள்ளி ஒட்டினாள்,
'மட்டும்' என்ற சொல்லுக்கு நேராக.