பெயரளவில் கண்

பதுவாவின் பனிமூட்டத்துக்குக் கதவு ஒரு பொருட்டில்லை.
நூலகத்துக்குள்ளும் வந்து உட்காரும்.
எழுநூறு வருடப் பழைய தோல் ஏடு ஒன்றை
இரண்டு வருடமாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன்.
இயற்றியவர் யாரென்று தெரியாது.
எனக்கு முன் படியெடுத்தவன் மட்டும்
"விரல் விறைக்கிறது, மை உறைகிறது" என்று
ஓரத்தில் புலம்பி வைத்திருக்கிறான்.

நாற்பத்தோராம் வினா:
செத்தவனின் கண், கண்தானா?

ஆம் எனத் தோன்றும், என்று ஆரம்பிக்கிறார் ஆசான்.
நிறம் அதே, உருண்டை அதே, கிடக்கும் குழியும் அதே.
பிறகு மறுப்பு:
பார்க்காததைக் கண் என்பது
சுவரில் தீட்டியதைக் குதிரை என்பது போல.
ஏறி எந்த ஊருக்குப் போவாய்?
ஆகவே அது பெயரளவில் கண்.

இங்கே பென்சிலை வைத்தேன்.
கைப்பேசி மேசையை அதிர வைத்தது.

இவோவின் ரொட்டி வண்டி
ரோவிகோ சாலையில், விடியுமுன்,
பனிக்குள் நின்றிருந்த லாரியின் பின்புறம்.

மருத்துவர் மூவர். ஆறு மணி நேரம்.
சட்டம் அப்படி.
விழியில் விளக்கடித்தார்கள்.
காதில் பனிநீர் விட்டார்கள்.
மூச்சுக்கருவியைக் கழற்றி
மார்பையே பார்த்தபடி நின்றார்கள்.
அத்தனை நிமிடமும் நான் மூச்சு விட்டேனா என்று
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கை சூடாக இருந்தது.
திரையில் இதயம்
பச்சைப் பல்லியாக ஓடிக்கொண்டே இருந்தது.

பதினேழாம் வினா:
முதலில் வாழ்வதும் இதயம், கடைசியில் சாவதும் இதயம்.
பக்கத்தில் யாரோ சிவப்பு மையில்: "இல்லை, மூளை."
அதற்கும் கீழே, இன்னொரு கையெழுத்தில்: "கழுதை."

அந்தச் சண்டை முடிந்துவிட்டது, சிஞ்ஞோரா
என்று சொல்லவில்லை டாக்டர் ப்ருசெகான்.
சொன்னது இதுதான்:
சான்றிதழில் போடும் நேரம்
நாங்கள் பார்த்து முடித்த நேரமல்ல,
பார்க்கத் தொடங்கிய நேரம்.

அப்படியானால்
மதியம் முழுக்க நான் பிடித்திருந்த கை,
அதன் நகத்திடுக்கில் மாவு,
நான் அதனிடம் சொன்ன
தண்ணீர் வரி, மாமியார், பூனை...

படிவத்தைத் தள்ளினார்.
சம்மதமா என்று கேட்கவில்லை அது.
எதிர்ப்பில்லை என்றால் போதுமாம்.
மறுப்புகளையே இரண்டு வருடம் படியெடுத்தவள் நான்.
என் கைவசம் ஒன்றுகூட இல்லை.

ஈரல், சரி.
சிறுநீரகம், சரி.
இதயம், அந்தப் பல்லி, அதுவும் சரி.
கருவிழி என்ற கட்டத்தில் பேனா நின்றது.

பொய் சொல்லும்போது அவனுக்கு
இடது கண் ஒரு நொடி முந்திச் சிமிட்டும்.
சீட்டில் தோற்றதை, சிகரெட் விட்டதை,
"உன் ஏட்டைப் பற்றிச் சொல்லேன், கேட்கிறேன்" என்றதை
எல்லாம் அந்த ஒரு நொடியில்தான் பிடிப்பேன்.

"வேறொருவர் பார்ப்பார்" என்றார் டாக்டர், தணிந்த குரலில்.

அது கண் இல்லையென்றால்
எதைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?
கண்தான் என்றால்
செத்தது யார்?

கேட்கவில்லை.
அவரும் முந்தின நாள் காலையிலிருந்து தூங்காதவர்.
காலணிக் கயிறு அவிழ்ந்து கிடந்தது.
கட்டத்தில் கோடு போட்டேன்,
கொஞ்சம் வெளியே போய்விட்டது.

பெல்ட், சாவிக்கொத்து, எண்பது சென்ட் சில்லறை,
மூக்குக்கண்ணாடி.
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் வந்தன.
கண்ணாடியை மட்டும் யாரும் கேட்கவில்லை.
இடது சில்லில் அவன் கட்டைவிரல் ரேகை.
துடைக்கவில்லை. அதற்கு எந்த நியாயமும் இல்லை,
துடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரலில் மறுபடி ஏட்டைத் திறந்தேன்.
நாற்பத்தோராம் வினா, மறுப்புக்குப் பிறகு
"இதற்கு நான் விடையாகச் சொல்வது" என்று இருக்கிறது.
அடுத்த பக்கம் இல்லை.
தோல் விலை அதிகம்.
வேறு ஏதோ புத்தகத்தின் முதுகுக்கு
எவனோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறான்.
அங்கே, பசைக்கு அடியில்,
இன்னும் எதையாவது தாங்கிக்கொண்டிருக்கலாம்.

இல்லாததை நிரப்பக் கூடாது என்பது
எங்கள் தொழிலின் முதல் விதி.
மூன்று முறை நிரப்பினேன். மூன்று முறை அழித்தேன்.
பிறகு அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில்:
இங்கே ஓர் ஏடு வெட்டப்பட்டுள்ளது.
வெட்டு நேராக இருக்கிறது.