ஒற்றைக் கொடி

நான்கு கம்பங்கள்.
நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி.
கொஞ்சம் விலகி ஓரத்தில் போனால் ஒன்று.
குறி தப்பியவனையும்
வெறுங்கையோடு அனுப்பாத ஆட்டம்
உலகத்தில் வேறு உண்டா, தெரியாது.
எனக்கு இது ஒன்றுதான் தெரியும்.

டன்ஸ்டன் க்ரீக் உள்ளான்கள்.
அரக்குச் சிவப்பில் வெளிர்நீலப் பட்டை.
மற்றவர்கள் நகமும் பல்லும் உள்ளதாகப் பார்த்து
பெயர் வைத்துக்கொண்டார்கள்.
எங்களுக்கு வாய்த்தது
சேற்றில் அலகை விட்டுப் புழு தேடும் பறவை.
மெல்பர்ன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள்
கூடி வைத்த பெயராம்.
குடித்துவிட்டுத்தான் கூடினார்கள் என்பாள் அம்மா.

அம்மாவுக்கு வலி எடுத்தது மூன்றாம் கால்பகுதியில்.
நான்காவதையும் பார்த்து முடித்துவிட்டு
ட்ராமில் ஏறி மருத்துவமனைக்குப் போனாள்.
பதினெட்டுப் புள்ளியில் தோற்றிருந்தோம்.
நான் பிறந்தேன்.

எண்பத்தொன்று. இறுதிப் போட்டி. மழை.
இரண்டு புள்ளி பின்னால்.
டாரல் ஊல்காக் துள்ளிப் பந்தைப் பிடித்தபோது
சைரன் ஊதிவிட்டது.
பிடித்தவனுக்கு ஓர் உதை உண்டு, அது சட்டம்.
நாற்பது மீட்டர்.
எல்லோரும் நின்றோம்.
முன்வரிசையில் யாரோ ஒருவர்
கழற்றிய தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

முட்டைப் பந்துக்கு மனசு கிடையாது.
போனது, போனது, நேராகத்தான் போனது,
கம்பத்தில் பட்ட ஓசை
எனக்கு இப்போதும் சில இரவுகளில் கேட்கிறது,
ஈரக் கதவை யாரோ ஒருமுறை தட்டியது போல.
வெள்ளைக் கோட்டு நடுவர்
ஒரு விரல் காட்டினார்.
ஒற்றைக் கொடி அசைத்தார்.
ஒரு புள்ளியில் தோற்றோம்.

பதினோரு வருடம் கழித்து
என் அடுப்படிக் குழாயைச் சரிசெய்ய வந்தவர்
சட்டைப்பையில் பெயர் தைத்திருந்தார்: டாரல்.
நான் கம்பத்தைப் பற்றிப் பேசவில்லை.
அவரும் பேசவில்லை.
சுவரில் அந்த வருட அணியின் படம் மாட்டியிருந்தது.
அதற்கு முதுகு காட்டியே
ஒரு மணி நேரம் வேலை செய்தார்.
போகும்போது, "இனிமே சொட்டாது" என்றார்.
சொட்டவில்லை.

பக்கத்து இருக்கை ஸ்டிபேயுடையது.
ஸ்ப்ளிட்டிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர்,
நடுவர்களைத் திட்டித் திட்டியே ஆங்கிலம் கற்றவர்.
முப்பத்தொரு குளிர்காலம் தோளோடு தோள்.
என் மணவிலக்கை அவரிடம் சொன்னதில்லை,
அவர் வீடு எந்தத் தெருவென்று நான் கேட்டதில்லை.
ஆனால் நாங்கள் கோல் போட்டால்
அவர் முழங்கை என் விலாவில் எங்கே இடிக்கும் என்று
விலாவுக்குத் தெரியும்.

இந்த வருடம் ஏப்ரலில் அந்த இருக்கை காலி.
மேயிலும்.
யாரைக் கேட்பது?
அலுவலகப் பெண் குடும்பப் பெயர் என்ன என்றாள்.
அப்போதுதான் தெரிந்தது, எனக்குத் தெரியாதென்று.
அடுத்த வாரம் மரண அறிவித்தல்களில்
ஸ்டிபே என்று தேடினேன்.
ஒருவர் இருந்தார். படத்தைப் பார்த்தேன்.
நம்முடையவர் இல்லை.
யாரோ ஒருவரின் சாவுக்கு மகிழ்ந்ததற்காக
அன்று நன்றாகத் தூங்கவில்லை.

ஜூன் மூன்றாம் சனி.
படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று
ஒரு கோட்டு ஏறி வந்தது.
உள்ளே பாதி ஆள்தான் இருந்தார்.
சட்டைக் கழுத்துக்குக் கீழே
புதுத் தையலின் நுனி.
உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார்.
"எத்தனைல தோத்தோம்?"

இருபத்திரண்டு, ஒன்பது, அறுபத்துநான்கு,
நடுவில் ஒன்று ஜெயித்தோம், நம்ப மாட்டீர்கள்,
மறுபடி முப்பத்தொன்று.
கடைக் கணக்குப் போல ஒப்பித்தேன்.
கண்ணை மூடிக் கேட்டார்.
ஜெயித்ததற்கு மட்டும்
யார் யார் கோல் போட்டார்கள் என்றார்.
என் இறைச்சிப் பையைப் பார்த்தார்,
மருத்துவர் கூடாது என்றிருப்பார் போல.
சாஸை மட்டும் விரலில் தொட்டு நக்கிக்கொண்டார்.

குடும்பப் பெயரைக் கேட்டுவிடலாம் என்று
வாயைத் திறந்தேன்.
அதற்குள் நடுவர் பந்தைத்
தரையில் அடித்துவிட்டார்.