சாய்சதுரம்

இரவு பதினொன்றரைக்கு மேல்
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
நின்ற இடத்தில் நிற்கின்றன.
நோய் உடலியங்கியல், அலகு நான்கு,
பக்கம் இருநூற்றுப் பதினொன்று.
நானும் நின்ற இடத்தில் நிற்கிறேன்.

வீட்டில் ஒற்றை அறை.
தம்பி படுத்துவிட்டால் விளக்கை அணைக்க வேண்டும்.
ஆகவே ஹவுசிங் போர்டின் இரண்டாம் மாடிப் படிக்கட்டு,
இருமி இருமி எரியும் ஒரு ட்யூப்லைட்.
பெனிட்டா போனில் குரல் அனுப்புகிறாள்
காசிமேட்டிலிருந்து,
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்:
"வீக்கத்துக்கு நாலு காரணம் சொல்லுடீ.
மூணு சொன்னா அரை மார்க் போச்சு."

நாலும் சொல்கிறேன்.
அழுத்தம் கூடும். புரதம் குறையும்.
குழாய்ச்சுவர் கசியும்.
நிணநீர் போகும் வழி அடைபடும்.
ஒவ்வொரு ஐப்பசியும் எங்கள் தெரு வீங்குவதற்கு
அந்த நாலாவது ஒன்றே போதும்.
அதை எழுதினால் மார்க் கிடையாது.

தூக்கம் வந்தால் டீ.
ஏகாம்பரம் அண்ணன் கடை
லாரிக்காரர்களுக்காக விடிய விடியத் திறந்திருக்கும்.
முன்பு துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர்.
கிளாஸை நீட்டினார்.
நான் டீயைப் பார்க்கவில்லை.
கிளாஸைப் பிடித்திருந்த நகங்களைப் பார்த்தேன்.

பக்கம் இருநூற்றுப் பதினெட்டு.
கைக்கடிகாரக் கண்ணாடிபோல் புடைத்த நகம்,
முரசுக்கோல்போல் உருண்ட நுனி.
படம் கறுப்பு வெள்ளை.
யாருடைய கை என்று போடவில்லை.

"அண்ணே, ஒரு வெளையாட்டு.
ரெண்டு ஆள்காட்டி விரலையும் மடக்கி
நகத்தோட நகம் ஒட்ட வைங்க."
"இன்னா கண்ணு, ஜோசியமா?"
வைத்தார்.
பக்கத்தில் நானும் வைத்தேன்.

என் நகங்களுக்கு நடுவே
எள்ளளவு சாய்சதுரம்,
அதில் ஒரு லாரியின் பின்விளக்குச் சிவப்பு.
அவருடையதில் வெளிச்சம் நுழையவில்லை.
கதவு மாதிரிச் சாத்திக்கொண்டிருந்தது.

"யாரு ஜெயிச்சது?" என்றார்.

ஏன் இப்படி ஆகிறது என்று
புத்தகத்துக்கே முழுசாகத் தெரியாது.
நுரையீரலின் சல்லடையில் உடைய வேண்டிய பெரிய செல்கள்
உடையாமல் தாண்டி வந்து
விரல் நுனியில் சிக்கிக்கொள்கின்றனவாம்,
அங்கே சதையை வளரச் சொல்கின்றனவாம்.
விடைத்தாளில் 'எனக் கருதப்படுகிறது' என்று முடிக்க வேண்டும்.

ஸ்டான்லிக்குப் போய்
நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்கண்ணே என்றேன்.
எதுக்கு என்றார்.
வாயில் முழு விடை இருந்தது,
வரையறை, காரணங்கள், நிலைகள்,
ஐந்து மதிப்பெண்ணுக்கும் குறையாமல்.
"சும்மாதான்" என்றேன்.
"சும்மாவுக்கு எவன்மா ஸ்டான்லி லைன்ல நிப்பான்?"
சிரித்தார். சிரிப்பு இருமலாகப் புரண்டது.
பால் சட்டி விளிம்பைப் பிடித்தபடி
அது முடியும்வரை நின்றார்.
பிறகு, காசு வேணாம், பரீட்ச எழுதுற பொண்ணு, என்றார்.

தேர்வில் அது வரவில்லை.
வீக்கம் வந்தது, நாலும் எழுதினேன்.
அதிர்ச்சியின் நிலைகள் பத்து மதிப்பெண்,
மூன்றாவது நிலையில் பேனா தீர்ந்து
பக்கத்துப் பெண்ணிடம் வாங்கி எழுதினேன்.
வெளியே பெனிட்டா,
"லட்டு மாதிரி பேப்பர்டீ" என்று குதித்தாள்.
பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த
அத்தனை கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தேன்,
தண்டையார்பேட்டை தாண்டியும் இறங்காமல்.

திரும்பி நடந்து கடைக்குப் போனபோது
மத்தியான வெயில். ஈ. காலிக் கிளாஸ்கள்.
"வா கண்ணு. அந்த வெளையாட்ட
லாரிக்காரனுங்க எல்லார்கிட்டயும் ஆடிப் பாத்தேன்.
நேத்து ராத்திரி மட்டும் பதினாறு பேரு.
எல்லாருக்கும் நடுவுல ஓட்ட தெரியுது.
எனக்கு மட்டும் இன்னாத்துக்குத் தெரியல?"

பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தேன்.
அடுப்பைச் சிம்மில் வைத்தேன்.
"உக்காருங்கண்ணே" என்றேன்.