இன்னும் நாற்பது லிட்டர்

கம்பெனி ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போனான்
கல்லாவுக்குப் பின்னால், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில்:
ஒரு கடல், இரண்டு சாய்வு நாற்காலி, ஆளில்லை.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒன்பதாயிரம் லிட்டர் விற்றால்
ஐந்து இரவு, இருவருக்கு.
கான்குன், மெக்சிகோ.

ஊத்துக்கோட்டையில் அதை இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லவில்லை.
இவர் கான்கூன் என்றார். பேங்க் மேனேஜர் கேன்கன்.
சத்தியவேட்டிலிருந்து பட்டி மூட்டை ஏற்ற வந்த மேஸ்திரி
"கானுகா?" என்று கேட்டார்.
தெலுங்கில் அது அன்பளிப்பு.
ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் எந்தச் சுவரைப் பார்த்தாலும் சதுர அடி.
நாகலாபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
காரை பெயர்ந்த வீடுகளை எண்ணிக்கொண்டு போனேன்.
சுருட்டப்பள்ளிக் கோயில் மதில் எத்தனை கோட் குடிக்கும் என்று
மனசு ஓடியதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.
உள்ளே சிவனே படுத்துக் கிடந்தார்,
விஷம் குடித்த அசதியில், காலை நீட்டி.
அவரை யாரும் இலக்கு கேட்கவில்லை.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் திட்டம் வளர்ந்தது.
இவர் எழுதினார்: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி,
சூட்கேஸுக்குப் பூட்டு இரண்டு.
நான் எழுதினேன்: விமானத்தில் ஒரு நாள் முழுக்க
"ஒயிட் சிமெண்ட் இருக்கா" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.
கடலில் எதை உடுத்துவது என்பதைப் பற்றி
இருவருமே எழுதவில்லை.
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
டீயைக் குடித்துவிட்டு, மச்சினன் வீட்டுக்குச் சாம்பல் நிறம் கேட்டார்.
இருபது லிட்டர். அதையும் சேர்த்துக்கொண்டோம்.

கடல் எங்களுக்குத் தெரியாததல்ல.
பழவேற்காடு இதோ இருக்கிறது.
பதினாறு வருடத்தில் ஒருமுறை போனோம்,
பாக்கி வசூலிக்க.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மெஷினில் அந்தக் கடலைக் கலக்கிப் பார்த்தேன்.
ஷேடு கார்டில் அதற்கு நம்பர் இல்லை.
நீலம் வைத்து, பச்சை சொட்டு சொட்டாக விட்டு,
துளி மஞ்சள்.
கருப்பு ஒரு சொட்டு கூடிவிட்டது,
பழவேற்காடு ஆகிவிட்டது.
எட்டாவது டப்பாவில்தான் பிடிபட்டது.
வீணான ஏழையும் இவருக்குத் தெரியாமல்
மாட்டுக்கொட்டகைகளுக்குப் பாதி விலையில் தள்ளினேன்.

கார்த்திகையில் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்தார்கள்.
புதுப் பாலம் முடியாத வருடம் அது.
ஆரணியாறு தரைப்பாலத்தின் மேல் ஏறி நின்றது,
என் ஆந்திர வாடிக்கையெல்லாம் அக்கரையில்,
கையில் ஷேடு கார்டோடு.
ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது.
பதினெட்டு நாள் கல்லாவில் ஈ.

மஸ்தான் மட்டும் வந்தார், வேலையில்லாமல்.
டப்பா மூடிக்குள் பெயிண்டர்களுக்கு டோக்கன் இருக்கும்,
பத்து ரூபாய், அதிர்ஷ்டமிருந்தால் இருபது.
லுங்கியில் துடைத்துக் கல்லாவில் அடுக்குவார்.
ஒன்பதாயிரத்தில் முக்கால்வாசி அவர் தோள் அடித்தது.
படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"ரெண்டு சேர்தானாம்மா போட்டிருக்காங்க?"

நான் ரசீதுப் புத்தகத்தில் கார்பன் மாற்றினேன்.

மார்ச் இருபத்தொன்பது. நாற்பது லிட்டர் குறைகிறது.
பில்லை என் பெயரில் போட்டேன், கோதைநாயகி,
இரண்டு டிரம், நம்பரில்லாத ஷேடு,
எங்கள் வீட்டுக்கே, தெருப்பக்கச் சுவர்.
"வெயிலுக்கு ஆறு மாசம் தாங்காதும்மா" என்றார் மஸ்தான்.
அடியுங்கள் என்றேன்.

சாயங்காலம் முதல் கோட் முடிந்தது.
சாலைக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு வர,
இன்னொன்றை இழுத்துப் போட்டேன்.
திருப்பதி லாரி ஒன்று போய் முடியும்வரை
கடல் தெரியவில்லை.
"அலை இல்லியே" என்றார்.
"நாளைக்கு ரெண்டாவது கோட்" என்றேன்.

உள்ளே இவர்
பூட்டுக்குச் சாவி தேடிக்கொண்டிருந்தார்.