புதன்கிழமைக்கு ஆளில்லை

மணிலாவிலிருந்து வருவதாக இருந்த பதினோரு பேரும்
ஒரே குறுஞ்செய்தியில் வராமல் போனார்கள்.
ஃபெர்மின் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.
கொஞ்ச நேரம் அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படியானால் நாம் போகலாம் என்றேன்.
எங்கே?
ஆசின் தீவுக்கு.
யாரை ஏற்றிக்கொண்டு?
நம்மைத்தான்.

பதினாறு வருடமாய் அந்த மணலுக்கு
வாரத்தில் நான்கு தடவை போகிறேன்,
மீன் சுட, தட்டுக் கழுவ,
யாரோ விட்டுப்போன கறுப்புக் கண்ணாடியைத் தேட.
அங்கே நிற்கிற ஒற்றைத் தாழையின் நிழல்
எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நகரும் என்பது மனப்பாடம்.
அதில் முதுகைச் சாய்த்தால் எப்படி இருக்கும்
என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பெட்ரோல் ரசீதின் பின்பக்கத்தில்
அவன் எழுத ஆரம்பித்தான்:
இருபத்திரண்டு லிட்டர்.
காற்று வாடை, காலையில் பயமில்லை.
ஒன்று நாற்பதுக்கு நீர் வற்றத் தொடங்கும்,
அதற்குள் நங்கூரத்தை எடுக்காவிட்டால்
படகின் மூங்கில் கைகள் பவளப்பாறையில் உட்கார்ந்துவிடும்.

அதற்குக் கீழே நான்:
அரிசி.
காடியில் வேகவைத்த கோழி, வெயிலுக்குக் கெடாது.
பச்சை மாங்காய், இறால் விழுது.
அலிங் பாசிங்கிடம் பாதிக் கட்டி ஐஸ், கடனுக்கு.
தட்டுகள் பதினொன்று
என்று கை தானாக எழுதிவிட்டது.
அடித்து, நான்கு என்று போட்டேன்.
எவ்வளவு சின்ன எண்.

ஜெசெலுக்கு ஒரே நிபந்தனை:
அன்று முழுக்க யாரும் யாரையும்
'சார்' என்று கூப்பிடக் கூடாது.
இனிகோ ரசீதை எட்டிப் பார்த்துக் கேட்டான்,
அங்கே போய் நாம் என்ன செய்வோம்?
சமைப்போம் என்று வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.
அவன் அப்பாவைப் பார்த்தான்.
அப்பா பெட்ரோல் விலையைத்
திரும்பவும் பெருக்கிக்கொண்டிருந்தான்.

பிறகு, தலை நிமிராமலே சொன்னான்:
விடுதியிலிருந்து ரெண்டு பேரை மட்டும் ஏற்றினால்
எண்ணெய்க் காசு வந்துவிடும்.
அணியத்தில் உட்காரட்டும், நமக்கென்ன தொந்தரவு.

நான் பேசவில்லை. வெங்காயம் உரித்தேன்.
அவனும் அதை எழுதவில்லை,
எழுதுவதற்கு ஒரு வரி இடம் மட்டும் விட்டு வைத்தான்.

இஞ்சின் பக்கமே உட்கார்ந்து உட்கார்ந்து
அவனுக்கு இடது காது போய்விட்டது.
அமைதியான தீவு வேண்டும் என்று கேட்டு
உலகமெங்கிலுமிருந்து வருகிறார்கள்.
இவனுடைய தலையில் பாதி
எப்போதோ ஆளில்லாத் தீவாகிவிட்டது.
புதன்கிழமை நான் அவனுக்கு வலப்பக்கம் உட்காருவேன்.
இதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இரவு எட்டு மணிக்குப் போன் அதிர்ந்து
மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது.
கவிழ்ந்த போனின் ஓரங்களில் வெளிச்சம்.
நானும் அவனும் பார்த்தோம்,
யாரும் கை நீட்டவில்லை.
ஒரு வெங்காயத் தோல் விசிறிக் காற்றில்
தரையெல்லாம் சுற்றி வந்தது.

ஜெசெல் எடுத்தாள்.
பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், முதுகை நிமிர்த்தி,
மன்னிக்கவும், புதன்கிழமை இடமில்லை என்றாள்,
படகை ஒரு குடும்பம் எடுத்திருக்கிறது.
அந்தப் பக்கம் ஏதோ கெஞ்சியது.
இல்லை, அவர்கள் வேறு யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.
கொஞ்சம் கறாரான ஆட்கள்.

ஃபெர்மின் வலது காதை அவள் பக்கம் திருப்பியிருந்தான்.
அவன் சிரிப்பை நான் பார்க்கக் கூடாது என்று
கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா பார்க்க
டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்,
கட்டி முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத கயிறு.

நான் ரசீதை என் பக்கம் இழுத்தேன்.
அவன் விட்டு வைத்த வரியில்
பாய் என்று எழுதினேன்,
பெரியதாய் ஒன்று.
மேலே போய், பாதிக் கட்டி ஐஸை அடித்துவிட்டு
முழுக் கட்டி என்று மாற்றினேன்.
கடன்தானே.