துருத்தி

திருப்பூரில் பதினெட்டு வருசம் ஓவர்லாக்.
பஞ்சுத்தூள் மூக்கு வழியே போய்
நெஞ்சுக்குள் குடித்தனம் வைத்தது,
வாடகையில்லாமல்.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழலைக் கொடுத்து
"ஊதுங்கம்மா" என்றார்.
முள் நூற்றித் தொண்ணூறில் நின்றது.
"இன்னும் ஊதுங்கம்மா."
"இருந்தாத்தானுங்களே ஊதறதுக்கு."

எங்கள் முதலாளிக்கும் இதே நெஞ்சுதான்.
அவர் மாலத்தீவு போய்வந்தார்,
ஐந்து பகல், நாலு ராத்திரி.
கண்ணாடித் தரை, அடியில் மீன் என்று
செல்லில் எல்லோருக்கும் காட்டினார்.
காட்டும்போதே இருமினார்.

எனக்கு வாய்த்த தீவுக்கு விமானம் இல்லை.
ஊஞ்சலூர் தாண்டி
காவிரி இரண்டாய்ப் பிரிந்து மறுபடி சேருமிடத்தில்
மூன்றரை ஏக்கர்.
கதலி, நேந்திரம், பதினாறு தென்னை,
செல்லுக்குச் சார்ஜ் போட ஒரு சோலார் தகடு.
குரங்கு விரட்ட ஆள் வேணுமாம்,
நங்கையாளின் தம்பி சொன்னான்.
ஆள் நான்.

சென்னியப்பன் பரிசலில் ஏற்றிக்கொண்டான்.
நடு ஆற்றில் அது ஒரு சுற்றுச் சுற்றியது.
கரை எந்தப் பக்கமென்று தெரியாமல் போச்சு.
"பயமுங்களா?"
"சூப்பர்வைசருக்குத்தான் பயந்து பழக்கம்."

முதல் வாரம் தூக்கமே இல்லை.
மிஷின் ஓடாத இடத்தில் எப்படித் தூங்குவது?
அப்புறம் கொசு.
தீவுப் படத்தில் யாரும் அதைக் காட்டுவதில்லை.
புகைமூட்டம் எனக்கு ஆகாது;
வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு
செக்காட்ட நாறிக் கிடந்தேன்.

அப்புறம் ஒருநாள் பொழுதோட
வாழைக்குள் வந்த காத்து
என்னையும் ஓர் இலையென்று நினைத்து
உள்ளே புகுந்து வெளியே போச்சு.
எதுவும் தடுக்கவில்லை.
நான் மூச்சு விடுவதை
நாளெல்லாம் நான் கவனிக்கவே இல்லை என்பதை
ராத்திரி சோறு திங்கும்போதுதான் கவனித்தேன்.

நீர்நாய் ஐந்து. ஒறம்பரையாட்டச் சொல்லாமல் வரும்,
மீனைத் தலையிலிருந்து திங்கும்,
என்னைக் கண்டால் மூக்கால் ஒரு ஊது ஊதும்.
அதுக்குக் குழல் கொடுத்தால்
நல்ல நம்பர் எடுக்கும்.

நாலாம் மாசம் எனக்கு முந்நூற்றிப் பத்து.
"என்ன பண்றீங்கம்மா?"
"ஒண்ணும் பண்றதில்லீங்க.
இந்தப் பக்கம் தண்ணி. அந்தப் பக்கமும் தண்ணி."
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.
இன்ஹேலரை விடவேண்டாம் என்று எழுதினார்.
விடவில்லை.
வாழைநார்க் கட்டோடு ஆணியில் தொங்குது.

நிலம் அளக்க வந்த சர்வேயர்
பழைய பத்திரத்தைப் பார்த்து, "துருத்தி" என்றார்,
ஆத்துத் திட்டுக்கு அந்தக்காலத்துப் பேராம்.
எங்களூர்ப் பட்டறையில்
கொல்லர் அமுக்கி அமுக்கி ஊதும் தோல்பைக்கும்
துருத்தி என்றுதான் பேர்.
"ரெண்டும் ஒரே சொல்லுங்களா?"
"நான் சங்கிலி பிடிக்க வந்தவனுங்க" என்றார்.

ஆடியில் மேட்டூர் திறந்தார்கள்.
செல்லுக்குச் செய்தி வந்தது, பரிசல் வந்தது.
கொடுமுடிக் கல்யாண மண்டபத்தில் ஆறு நாள்.
படித்துறையில் நின்று மேற்கே பார்ப்பேன்,
பார்த்தால் மட்டும் தெரிந்துவிடுமா.
நாலாம் நாள் ராத்திரி பழைய இருமல் வந்து
என்னை விசாரித்துப் போச்சு.

திரும்பிப் போனபோது பாதி வாழை படுத்திருந்தது.
மீதிக்குக் கழுத்துவரை வண்டல்.
முதலாளியென்றால் நஷ்டம் என்பார்.
நான் நடுவில் நின்று ஒருமுறை ஊதிப்பார்த்தேன்,
சும்மா, வெறும் வாயால்.

கொஞ்சம் கீழே நொய்யல் வந்து சேருது.
நான் தைத்த பனியன்களின் சிவப்பும் நீலமும்
அதில் எங்கேயோ.
துவைக்கும்போது அந்தத் திக்குப் பார்ப்பதில்லை.
பார்த்தும் இருக்கிறேன்.

நேற்று பாவாத்தாள் கூப்பிட்டாள்,
எனக்கு அடுத்த மிஷின்.
பேச்சு கொஞ்சம், இருமல் நிறைய.
"என்னடி அங்க அப்பிடி இருக்குது?"
என்னென்று சொல்ல.
செல்லை வாழைப்பக்கம் நீட்டினேன்.
ரொம்ப நேரம் அவள் பேசவில்லை.
"ஞாயித்துக்கெழமை வா" என்றேன்,
"பரிசலுக்கு இருவது ரூவா.
சில்லறையா கொண்டு வா."