பட்டை எட்டாத கை

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்த நேரம்
டில்லிபாபுவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது.
பெஞ்ச் மேல் ரெண்டு சொட்டு.
"சூடுண்ணா" என்றான்.
சித்திரை மாசம்.
நானும் சூடு என்றுதான் சொன்னேன்.

ஆனாலும் கூட்டிப்போனேன்
மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு.
கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை
என் ஸ்கூட்டர் பின்னால்
மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நர்ஸ் பட்டையைச் சுற்றினாள்.
எட்டவில்லை.
இழுத்து ஒட்டினாள்.
காற்று ஏற ஏற
பர்ரென்று பிரிந்தது வெல்க்ரோ.
சர்க்கரை மாத்திரைக்கு நின்ற வரிசை
மொத்தமும் சிரித்தது.

பதினெட்டே கால் இஞ்ச்.
மூணு வருஷமாய் டேப் வைத்து
நான் கட்டிய கை அது.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சின்னப் பட்டை பொய் சொல்லும்" என்று
உள்ளே போய்ப் பெரியதைக் கொண்டுவந்தாள்.
நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு
என்றது பெரிய பட்டை.
ஐந்து நிமிஷம் உட்காரவைத்து
மறுபடி கேட்டாள்.
அதையேதான் சொன்னது.

என்ன சாப்பிடுற? டாக்டரம்மா.
முட்டை, கோழி, ஓட்ஸ்.
அப்புறம்?
பவுடர்.
என்ன பவுடர்?
அவன் என்னைப் பார்த்தான்.

ரெண்டு கிலோ டப்பா. மூடியில் சிங்கம்.
தங்கசாலையில் ஒரு மாடியறையிலிருந்து
நான்தான் எடுத்துவருவேன்.
டப்பாவுக்கு நானூறு எனக்கு.
வெயிட் தூக்குமுன் குடிக்கிற சிவப்புத் தூள் தனி,
அதற்கு இருநூறு.
குடித்தால் காது மடல் குறுகுறுத்து
நெஞ்சு தடதடக்கும்.
"ஏறுது பாத்தியா" என்பேன்.
எது ஏறுது என்று அவனும் கேட்டதில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை.
"பவுடரா இருக்கலாம்.
தூக்கம் இல்லாததா இருக்கலாம்.
லேபிள்ல எழுதாம எதையாவது கலந்திருக்கலாம்.
அப்பாவுக்கு பிரஷர் உண்டா?
எல்லாத்தையும் நிறுத்து. ரத்தம் கொடு.
ரெண்டு வாரம் கழிச்சு வா."

அந்த 'இருக்கலாம்'களை
என் பக்கமாய் இழுத்து ஒட்டப் பார்த்தேன்.
நிற்கவில்லை.

"சார், நீங்களும் உட்காருங்களேன்"
என்றாள் நர்ஸ்.
பெரிய பட்டை மேசைமேல் வாய் பிளந்து கிடந்தது.
ஜிம்மைத் திறந்துபோட்டு வந்திருக்கேன் என்றேன்.

திரும்பும்போதும் கேட் போட்டிருந்தது.
வண்டியை அணைத்தேன்.
இஞ்சின் நின்ற பிறகும்
காதுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.
டேங்கர் பெட்டிகளை எண்ண ஆரம்பித்து
பத்தொன்பதில் விட்டுவிட்டேன்.

பின்னாலிருந்து கேட்டான்:
"பாதி டப்பா மீதி இருக்குண்ணா,
திருப்பி எடுத்துக்குவாங்களா?"

மூடி திறந்ததை
எடுக்கமாட்டாங்கடா.